செம்பு போடாத குடுவை

'செம்பு நீருடன் வினைபுரிவதில்லை.' பள்ளி வேதியியலில் இது ஒரு வரி. அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. உலோகங்களின் வினைபடு வரிசையில் செம்பு ஹைட்ரஜனுக்குக் கீழே இருக்கிறது, ஆகவே நீரிலிருந்து ஹைட்ரஜனை வெளியேற்ற அதற்கு வலு இல்லை, அவ்வளவுதான். செம்பு கறுப்பதும் பச்சை பூப்பதும் காற்றிலுள்ள ஆக்சிஜனால். ஆக்சிஜனை முழுக்க எடுத்துவிட்டால் தூய நீரில் செம்பு காலமெல்லாம் கிடக்கும். வேதியியல் கற்பித்த காலத்தில் இந்த வரியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த உலோகத்துக்குப் போய்விடுவேன். பிறகு ஒருநாள், ஸ்டாக்ஹோமில் உள்ள கேடிஹெச் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சிலர் 2007-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையைப் படிக்க நேர்ந்தது. ஆக்சிஜன் இல்லாத தூய நீரில், 73 டிகிரி செல்சியஸில், செம்பு ஏறத்தாழ ஒரு மில்லிபார் அழுத்தம் வரை ஹைட்ரஜனை உண்டாக்குகிறது என்றது அது.

ஒரு மில்லிபார் என்பது காற்றழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கேட்பதற்கு அற்பமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாடநூல் சொல்வது இந்த எண்ணை அல்ல. செம்பும் நீரும் சேர்ந்து குப்ரஸ் ஆக்சைடும் (செம்பின் ஆக்சைடுகளில் ஒன்று) ஹைட்ரஜனும் ஆக வேண்டுமானால், மோல் ஒன்றுக்குச் சுமார் 91 கிலோஜூல் ஆற்றல் மேட்டை ஏற வேண்டும். அதற்காக வினை அறவே நடக்காது என்று பொருள் இல்லை. வெப்ப இயக்கவியலில் 'அறவே' என்ற சொல்லுக்கு இடம் கிடையாது. வினை கொஞ்சம் நடக்கும். உண்டான ஹைட்ரஜனே அதைத் தடுத்து நிறுத்திவிடும். எங்கே நிற்கும் என்பதற்கும் கணக்கு உண்டு. 25 டிகிரியில் அந்தச் சமநிலை அழுத்தம் 10⁻¹⁶ பார் அளவில் வருகிறது. 73 டிகிரிக்குச் சூடாக்கினால் சில நூறு மடங்கு கூடி 10⁻¹³ பார் அளவுக்கு ஏறும். அதாவது காற்றழுத்தத்தில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு. பாடநூலுக்கும் அந்த ஆய்வுக்கும் இடையில் இருக்கும் வித்தியாசம் சுமார் ஆயிரம் கோடி மடங்கு. அளவுகோல் சற்றுப் பிசகிவிட்டது என்று சொல்லித் தப்பிக்க முடியாத வித்தியாசம் இது. ஒன்று, அந்த ஹைட்ரஜன் வேறெங்கிருந்தோ வந்திருக்க வேண்டும்; அல்லது குப்ரஸ் ஆக்சைடைவிட நிலையான, நாம் இதுவரை அறியாத ஒரு செம்புச் சேர்மம் இருக்க வேண்டும். இரண்டில் எது என்ற கேள்வி என்னை வெகு காலம் விடவில்லை.

இது ஆய்வுக்கூடத்துச் சச்சரவாக மட்டும் இருந்திருந்தால் அதிகம் பேர் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் சுவீடன் தன் அணுஉலைகளில் எரிந்து முடிந்த எரிபொருளைச் செம்புக் கலன்களில் அடைத்துப் புதைக்கத் திட்டமிட்டிருந்தது. உள்ளே வார்ப்பிரும்பு, வெளியே ஐந்து சென்டிமீட்டர் தடிமனுள்ள செம்பு, சுற்றிலும் பென்டோனைட் களிமண், அதற்கு வெளியே, புதைக்கத் தேர்ந்தெடுத்த இடமான ஃபோர்ஸ்மார்க்கின் பாறை. ஆழம் சுமார் 500 மீட்டர், கலன்கள் சுமார் 6000. காலக்கெடு ஒரு லட்சம் ஆண்டுகளும் அதற்கு மேலும். பின்லாந்தும் ஓல்கிலுவோட்டோவில் இதே முறையைத்தான் கைக்கொண்டது. புதைத்த சிறிது காலத்திலேயே அங்கே எஞ்சியிருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். பிறகு செம்புக்கும் நீருக்கும் இடையில் என்ன நடக்கும் என்பதில்தான் திட்டத்தின் உயிரே இருக்கிறது. ஐந்து சென்டிமீட்டரை ஒரு லட்சம் ஆண்டுகளுக்குப் பங்கிட்டால், ஆண்டுக்கு அரை மைக்ரான் வரை செம்பு தேயலாம். அதற்கு மேல் கையிருப்பு கிடையாது.

கேடிஹெச்சின் குன்னர் ஹுல்ட்க்விஸ்ட் முதல் கல்லை எறிந்தது 1986-ல். தூய நீரில் கிடந்த செம்பிலிருந்து ஹைட்ரஜன் வருவதாக ஒரு சிறிய கட்டுரை எழுதினார். மறு ஆண்டே சிம்ப்சன், ஷெங்க் என்ற இருவர் செய்து பார்த்து, ஒன்றும் வரவில்லை என்றார்கள். 1989-ல் இன்னொரு குழுவும் அதையே சொன்னது. விவகாரம் அத்தோடு ஓய்ந்ததாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். ஹுல்ட்க்விஸ்ட் மட்டும் நினைக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், பீட்டர் ஸகாலோஸ் முதலியோருடன் சேர்ந்து அதே கேள்வியோடு திரும்பி வந்தார். நான் படித்த 2007 கட்டுரை அதுதான். இந்தப் பிடிவாதத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர் முடிவோடு நான் ஒத்துப்போகிறேனா என்பது வேறு விஷயம்.

பல்லேடியம் என்ற சன்னல்

அவர்களுடைய கருவியில் சூட்சுமம் பல்லேடியத்தில் இருந்தது. பல்லேடியம் ஹைட்ரஜனுக்கு மட்டும் வழிவிடும் உலோகம். தன் கன அளவைப்போல் சுமார் 900 மடங்கு ஹைட்ரஜன் வாயுவை உள்ளிழுத்துக்கொள்ளும் என்பார்கள். மெல்லிய பல்லேடியத் தகட்டை இடையில் வைத்தால், செம்பும் நீரும் இருக்கும் பக்கத்திலிருந்து ஹைட்ரஜன் மட்டும் மறுபக்கம் கடந்து வரும். நீராவி வராது, வேறு வாயுக்களும் வரா. மூடிய அறையில் ஈரத்துணி ஓரளவு உலர்ந்ததும் அப்படியே நின்றுவிடும், சன்னலைத் திறந்தால் மறுபடி உலரத் தொடங்கும். அதைப்போலத்தான் இதுவும். மூடிய கண்ணாடிக் குடுவையில் செம்பு தன் ஹைட்ரஜனாலேயே கட்டுண்டு நிற்கிறது, அதனால்தான் முந்தைய குழுக்களுக்கு அரிப்பு தெரியவில்லை. சன்னலைத் திறந்தால் தெரியும் என்றார்கள். வாதம் அழகானது, வெப்ப இயக்கவியலோடு முரண்படாதது. ஒரே ஒரு இடத்தில்தான் இடிக்கிறது. அந்தச் சமநிலை 10⁻¹³ பாரில் நிற்பதாக இருந்தால், சன்னலைத் திறந்தும் பயன் இல்லை. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே பத்து லட்சத்தில் அரைப் பங்கு ஹைட்ரஜன் இருக்கிறது. அது இந்தச் சமநிலை அழுத்தத்தைவிட லட்சக்கணக்கான மடங்கு அதிகம். வெளியே இருப்பது உள்ளே இருப்பதைவிட ஈரமான காற்று என்றால் எந்தத் துணி உலரும்? ஒரு மில்லிபாரில் நிற்பதாக இருந்தால்தான் சன்னலுக்கு அர்த்தம். ஆக, எல்லாம் அந்த ஓர் எண்ணில் வந்து முட்டுகிறது.

2009-ல் அதே குழு இன்னும் பெரிதாக எழுதியது. ஐந்து சென்டிமீட்டர் போதாது, ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு ஒரு மீட்டருக்கு மேல் தடிமன் தேவைப்படலாம் என்றது. சான்றாக அது காட்டிய காலங்கள் நான்கு: 20 மணி நேரம், 7 வாரம், 15 ஆண்டு, 333 ஆண்டு. கடைசி எண்ணைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எந்த ஆய்வுக்கூடத்தில் 333 ஆண்டுகள் சோதனை நடத்த முடியும்? விடை கடலடியில் இருந்தது. 1628-ல் தன் முதல் பயணத்தில், ஸ்டாக்ஹோம் துறைமுகத்தைத் தாண்டுவதற்குள்ளேயே கவிழ்ந்த வாசா போர்க்கப்பலை 1961-ல் தூக்கி எடுத்தார்கள். அதில் இருந்த செம்பு நாணயங்கள்தான் சான்று.

எதிர்த்தரப்பிலும் ஒரு கப்பல் உண்டு. 1676-ல் ஓலண்ட் தீவுக்கு அருகே போரில் வெடித்து மூழ்கிய க்ரோனன். அதன் வெண்கலப் பீரங்கி ஒன்று வாய் கீழாகக் களிமண்ணில் செருகியபடி மூன்று நூற்றாண்டுகள் நின்றிருந்தது. அதை ஆராய்ந்தவர்கள், ஆண்டுக்கு 0.15 மைக்ரான்தான் அரிக்கப்பட்டிருக்கிறது என்று கணக்கிட்டார்கள். அந்த வேகத்தில் ஒரு லட்சம் ஆண்டுகளில் போவது 15 மில்லிமீட்டர். ஐந்து சென்டிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டு கப்பல்களையும் கண்டுபிடித்தவர் ஒருவரே, ஆண்டர்ஸ் ஃபிரான்சென். வாசாவை 1956-லும் க்ரோனனை 1980-லும் கண்டுபிடித்தார். வழக்கின் இரு தரப்புக்கும் அவரே சாட்சி தேடிக் கொடுத்ததுபோல் ஆகிவிட்டது.

என்னைக் கேட்டால் இரண்டு சாட்சிகளையுமே கூண்டிலிருந்து இறக்கிவிட வேண்டும். கடலடி என்பது தூய நீர் அல்ல. உப்பு இருக்கிறது, நுண்ணுயிர்கள் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்டாக்ஹோம் துறைமுகச் சேற்றில் கழிவுநீரால் உண்டான ஹைட்ரஜன் சல்ஃபைடு நிறைய இருந்தது. வாசாவின் மரம் கெடாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். மரத்துக்குள் புகுந்த கந்தகம் பின்னாளில் அமிலமாக மாறிப் பராமரிப்பாளர்களைப் படுத்தியதும் தெரிந்த கதை. அப்படிப்பட்ட சேற்றில் கிடந்த நாணயத்தைக் காட்டி 'நீர் செம்பை அரிக்கிறது' என்பது எப்படிச் சரியாகும்? பீரங்கியைக் காட்டி 'அரிக்காது' என்பதும் அதே வகைதான். அது ஒரு குறிப்பிட்ட களிமண்ணில் ஒரு குறிப்பிட்ட வெண்கலம் எப்படி நடந்துகொண்டது என்று சொல்கிறது. தூய நீரைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

"அறை எதனால் செய்தது?"

வெற்றிடக் கருவிகளோடு பல காலம் வேலை பார்த்த நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் கொட்டினேன். என்னைவிட மூத்தவர், அதிகம் பேச மாட்டார். வினையையும் ஆற்றலையும் கப்பல்களையும் நான் விளக்கி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அறை எதனால் செய்தது?" என்றார். சோதனைக் கலனைத்தான் அறை என்றார். துருப்பிடிக்காத எஃகு என்றேன். "அப்படியானால் செம்பைப் பற்றிப் பிறகு பேசலாம் தம்பி. செம்பு போடாமல், வெறும் நீரை வைத்து அதே அறையை அதே சூட்டில் எத்தனை மாதம் பார்த்தார்கள்? அதைச் சொல்லுங்கள்."

அவர் கேட்டதன் பின்னணி இது. எஃகை உருக்கி வார்க்கும்போதே அதற்குள் ஹைட்ரஜன் அணுக்கள் கரைந்து தங்கிவிடுகின்றன. வெற்றிடத்தில் வைத்தால் அவை மெல்ல மெல்லக் கசியும். மிக உயர்ந்த வெற்றிடம் வேண்டுவோர் எஃகு அறைகளை நாட்கணக்கில் சுட வைப்பதும், சில சமயம் 900 டிகிரிக்கு மேல் வெற்றிட உலையில் காய்ச்சுவதும் இந்தக் கசிவை அடக்கத்தான். நன்கு சுத்தம் செய்த எஃகு அறையில் கடைசியாக மிஞ்சும் வாயு எது என்று அத்துறையில் யாரைக் கேட்டாலும் ஹைட்ரஜன் என்பார்கள். எதை அளக்கப் போகிறோமோ அதையே கலனும் உமிழ்கிறது. செம்பிலும் அதே வில்லங்கம் உண்டு. உருக்கும்போதே அதற்குள் ஹைட்ரஜன் நுழையும். நீரில் போட்டுச் சூடாக்கினால், அரிப்பு ஏதும் நடக்காமலே அது வெளியே வரும். ஸகாலோஸ் குழுவும் இதை அறியாதவர்கள் அல்லர். அழுத்தம் ஏறிக்கொண்டே போகாமல் ஓரிடத்தில் வந்து நிற்கிறது, அது சமநிலையின் அடையாளம் என்பது அவர்கள் பதில். பலமான பதில்தான். ஆனால் உள்ளிருந்த இருப்பு தீர்ந்தாலும் அழுத்தம் ஏறுவது நிற்கும் அல்லவா?

எனக்குத் திருப்புமுனை நண்பரின் அந்தக் கேள்விதான். அன்றிரவு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். 10⁻¹⁶ பார் என்றால் ஒரு லிட்டர் இடத்தில் எத்தனை ஹைட்ரஜன் மூலக்கூறுகள்? சுமார் இருபத்து நான்கு லட்சம். அதை உண்டாக்க ஏறக்குறைய ஐம்பது லட்சம் செம்பு அணுக்கள் ஆக்சைடாக மாறினால் போதும். ஒரு சதுர சென்டிமீட்டர் செம்பின் மேற்பரப்பில் மட்டும் பதினைந்து கோடி கோடி அணுக்கள் இருக்கின்றன. அதில் ஐம்பது லட்சம் என்பது மேற்பரப்பின் ஒரே அடுக்கில்கூட முப்பது கோடியில் ஒன்றுதான். பாடநூலின் சமநிலை எவ்வளவு நுண்மையானது என்பது அப்போதுதான் உறைத்தது. எந்தச் செம்புத் தகட்டின் மேற்பரப்பும் அந்த அளவுக்குத் துப்புரவாக இருக்காது. ஒழுங்கான படிகத்தின் உட்பகுதிக்குப் போட்ட கணக்கு அது. மேற்பரப்பு அணுக்களின் கதை வேறு. விளிம்பிலும் வடுவிலும் நிற்கும் அணு, உள்ளே நாலாபுறமும் கட்டுண்ட அணுவைவிட எளிதாக நீரோடு உறவாடும். ஹைட்ராக்சில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜனை விட்டுவிடும். மேற்பரப்பின் ஓர் அடுக்கு, வேண்டாம், அதில் பத்தில் ஒரு பங்கு இப்படி நடந்துகொண்டாலும், பாடநூல் எண்ணைப் பல கோடி மடங்கு மிஞ்சும் ஹைட்ரஜன் வந்துவிடும். கருவி அதைக் காணும். ஆனால் அடுக்கு நிரம்பியதும் வினை நின்றுவிடும், உள்ளே இறங்காது. ஐந்து சென்டிமீட்டர் சுவருக்கு அதனால் ஒரு கீறலும் இல்லை.

ஆகவே 'ஹைட்ரஜன் வந்ததா?' என்பது தவறான கேள்வி. வரும். நிற்காமல் வருகிறதா, அதற்கு ஈடான செம்பு எங்காவது ஆக்சைடாகவோ ஹைட்ராக்சைடாகவோ சேர்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. வரவுக்குப் பற்று இருக்க வேண்டும். உப்சாலா பல்கலைக்கழகத்தில் மாட்ஸ் போமன் முதலியோர் இந்த வழியில்தான் போனார்கள். மிகத் தூய செம்பு, மிகத் தூய நீர், நீண்ட காலம். வாயுவை மட்டும் அளக்காமல், சோதனைக்குப் பிறகு மேற்பரப்பையும் நீரையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். 2017-ல் அவர்கள் வெளியிட்ட முடிவின் சாரம், செம்பு தொடர்ந்து அரிக்கப்படுவதற்கான தடயம் இல்லை என்பது. இன்னொரு பக்கம், அந்த அறியாத சேர்மத்தைக் கணினியில் தேடியவர்களும் உண்டு. கேடிஹெச்சின் கோர்ஜாவி முதலியோர் 2012-ல் ஒற்றை இணைதிறன் செம்பின் ஆக்சைடு, ஹைட்ரைடு, ஹைட்ராக்சைடு வகைகளை அலசினார்கள். குப்ரஸ் ஹைட்ராக்சைடு இருக்கக்கூடியதுதான், ஆனால் குப்ரஸ் ஆக்சைடைவிட நிலைத்தன்மை குறைந்தது என்றார்கள். ஒரு மில்லிபாரைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய தூண் அங்கே இல்லை.

நான் எந்தப் பக்கம் என்று இப்போது சொல்லலாம். தூய, ஆக்சிஜனற்ற நீர் செம்பின் மேற்பரப்போடு சிறிது உறவாடும். உள்ளே இறங்கித் தின்னாது. ஹுல்ட்க்விஸ்ட் கண்ட ஹைட்ரஜன் மெய், அதற்கு அவர் கொடுத்த விளக்கம் நிற்கவில்லை. ஆனால் அவர் கேட்காமல் விட்டிருந்தால், செம்பு போடாத குடுவைகளோடு இத்தனை பேர் மாதக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்க மாட்டார்கள். 'அட்டவணை சொல்கிறது' என்பதற்கும் 'அளந்து பார்த்தோம்' என்பதற்கும் நடுவில் உள்ள இடைவெளியை 1986-க்கு முன்பு யாரும் பொருட்படுத்தவில்லை. 1987-லும் 1989-லும் வந்த மறுப்புகளைக் கண்டதும் எல்லோரும் கையைத் தட்டிவிட்டு எழுந்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

நீதிமன்றத்தில் செம்பு

விஷயம் கடைசியில் நீதிபதிகள் முன் போனது. புதைப்பு நிறுவனமான எஸ்கேபி 2011-ல் விண்ணப்பித்தது. 2018 ஜனவரி 23 அன்று, ஒரே நாளில், இரண்டு கருத்துகள் அரசுக்குச் சென்றன. கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்கலாம் என்றது. நாக்காவில் உள்ள நிலம்-சுற்றுச்சூழல் நீதிமன்றம், செம்புக் கலன் பற்றி இன்னும் ஆதாரம் வேண்டும் என்றது. செம்பு அரிக்கப்படும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்ததாகச் சிலர் எழுதினார்கள். அது அப்படிச் சொல்லவில்லை. ஐந்து விஷயங்களில் ஐயம் நீங்கவில்லை என்றது: ஆக்சிஜனற்ற நீரில் அரிப்பு, சல்ஃபைடால் குழி விழுதல், இழுவிசையும் அரிப்பும் சேர்ந்து உண்டாக்கும் விரிசல், ஹைட்ரஜனால் நொறுங்கும் தன்மை, கதிர்வீச்சு இவற்றைக் கூட்டுமா என்பது. எஸ்கேபி 2019-ல் கூடுதல் ஆவணங்களைக் கொடுத்தது, 2022 ஜனவரி 27-ல் அரசு அனுமதித்தது, 2025 ஜனவரியில் ஃபோர்ஸ்மார்க்கில் வேலை தொடங்கியது.

அந்தப் பட்டியலில் முதலில் நின்றது தூய நீர் என்பதால் பேச்செல்லாம் அதன் மேலேயே போயிற்று. எனக்கு இரண்டாவதுதான் தூக்கத்தைக் கெடுப்பது. சல்ஃபைடு விஷயத்தில் இரு தரப்புக்கும் சண்டையே கிடையாது. ஆக்சிஜன் இல்லாமலே சல்ஃபைடு செம்பை அரிக்கும். வெப்ப இயக்கவியலும் கீழ்நோக்கிச் சரிவாகவே இருக்கிறது. செம்பு சல்ஃபைடாகும், ஹைட்ரஜன் வெளியேறும், கையால் தள்ள வேண்டியதில்லை. ஆழத்து நீரில் சல்ஃபேட்டைச் சல்ஃபைடாக மாற்றும் பாக்டீரியாக்களும் உண்டு. அங்கே கேள்வி நடக்குமா என்பதல்ல, எவ்வளவு வேகத்தில் என்பது. வேகத்தைத் தீர்மானிப்பது செம்பு அல்ல, களிமண். நீரை உறிஞ்சி உப்பிய பென்டோனைட் இறுக்கமாகச் சூழ்ந்துகொண்டால், பாக்டீரியாக்கள் அதற்குள் வாழ முடியாது, சல்ஃபைடும் ஊர்ந்துதான் வர வேண்டும். கணக்குகள் எல்லாம் இப்படி உப்பிய களிமண்ணை வைத்தே போடப்பட்டவை.

ஃபோர்ஸ்மார்க்கைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம், அந்தப் பாறையில் பிளவுகள் குறைவு, நீரோட்டம் மிகக் குறைவு என்பது. நல்லதுதான். ஆனால் அந்த வறட்சியாலேயே சில புதைகுழிகளில் களிமண் முழுக்க நனைய ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். கலன் மிகச் சூடாக இருப்பதும் அந்த முதல் ஆயிரம் ஆண்டுகளில்தான். பாறையிலிருந்து கசியும் உவர்நீர் சூட்டில் ஆவியாகிக் களிமண்ணின் வழியே மேலே போய்விட்டால், உப்பு மட்டும் செம்பின் அருகே தங்கிச் சேரும். நீராவிக் குளியலைக் குறிக்கும் சொல்லை எடுத்து இதற்கு 'சானா விளைவு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நீதிமன்றம் தன் இரண்டாவது ஐயத்தில் இதையும் பெயர் சொல்லியே சேர்த்திருந்தது. தூய நீரைப் பற்றி முப்பது ஆண்டுகள் நடந்த சண்டையில் பாதியளவு உக்கிரமாவது இந்த உப்பின் மேல் திரும்பியிருக்கலாம்.